எலி ஆய்வைப் படித்துவிட்டு தம்பியை அப்படியே விட்டுவிடாதீர்கள்

"என் தம்பி இரண்டு வருடத்தில் நான்கு முறை குடியை நிறுத்தினான், ஒவ்வொரு முறையும் திரும்பத் தொடங்கும்போது முன்னைவிட அதிகமாகக் குடிக்கிறான். நிறுத்தி நிறுத்திக் கொடுத்தால் எலிகளும் அப்படித்தான் குடிக்குமாம். அப்படியானால் நிறுத்தச் சொல்லாமல் இருப்பதே நல்லதா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

இல்லை அம்மா, நிறுத்தத்தான் வேண்டும். நீங்கள் படித்தது உண்மை, எடுத்த முடிவுதான் தவறு.

1960களின் பிற்பகுதியில் சின்க்ளேர், சென்டர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கவனித்த விஷயம் இது. வாரக்கணக்கில் தண்ணீரோடு சாராயமும் வைத்து எலிகளைப் பழக்குவார்கள், பிறகு சாராயப் புட்டியை மட்டும் எடுத்துவிடுவார்கள். திரும்ப வைத்ததும் எலி பழைய அளவைத் தாண்டிக் குடிக்கும். ஒருமுறை மட்டும் நிறுத்தினால் சில நாளில் பழைய அளவுக்கு வந்துவிடும். இதையே பலமுறை செய்தால் அந்த வெறி நீள்கிறது, சில எலிகள் செறிவு கூடிய சாராயத்தைத் தேடிப்போகின்றன, கசப்பான குயினைன் கலந்தாலும் விடுவதில்லை. எல்லா இன எலியும் இப்படிச் செய்வதில்லை என்பது வேறு.

இதில் கவனிக்க வேண்டியது, எலிக்கு நடந்ததெல்லாம் புட்டியை எடுத்ததும் திரும்ப வைத்ததும்தான். நடுவில் மருந்து இல்லை, துணை இல்லை. உங்கள் தம்பிக்கும் அதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். சில நாள் உள்ளே வைத்து உடம்பைத் தெளிய வைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு 'சிகிச்சை முடிந்தது' என்று எழுதிக் கொடுக்கிறார்களே, அதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. முடிந்தது எங்கே, அப்போதுதானே தொடங்குகிறது! நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் என்ற இரண்டு மருந்துகளும் எலிகளிடம் இந்த வெறியைக் குறைத்தன, மனிதர்களுக்கும் வெகுகாலமாகப் பயன்பாட்டில் உள்ளன. இருந்தும் எத்தனையோ பேருக்கு அவற்றின் பெயரைக்கூட யாரும் சொல்வதில்லை. நீங்களே மருத்துவரிடம் கேளுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். தினமும் நிறையக் குடிப்பவர் வீட்டில் தானாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது. கடைசியாகக் குடித்து முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், அடுத்த ஓரிரு நாளில் கைநடுக்கம், காய்ச்சல், இல்லாதது கண்ணுக்குத் தெரிவது, ஆள் இடம் தெரியாமல் உளறுவது என்று போகலாம், உயிரே போகலாம். பலமுறை நிறுத்தித் தொடங்கியவருக்கு வலிப்பு அபாயம் இன்னும் கூடுதல். போன முறை ஒன்றும் ஆகவில்லையே என்று இருந்துவிடாதீர்கள். ஐந்தாவது முறை நிறுத்துவது மருத்துவர் கண்காணிப்பில் நடக்கட்டும்.

அப்புறம், 'சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுங்கள், குடியை மறந்துவிடுவார்' என்று பொடி விற்கும் தரகர்களை வாசற்படி ஏற விடாதீர்கள். அதில் டைசல்ஃபிராம் என்ற மருந்து இருந்து, அது தெரியாமல் உங்கள் தம்பி குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகும். அது நோயாளிக்குச் சொல்லி, சம்மதம் வாங்கி, மருத்துவர் கொடுக்க வேண்டிய மருந்து. 'ஒரே வாரத்தில் உத்தரவாதம்' என்று சொல்லி ஆள் பிடித்துக் கொடுத்துக் கமிஷன் வாங்குபவர்களும் இதே ரகம்தான்.

தம்பி மறுபடி குடித்துவிட்டால் அந்த முதல் சில நாள்தான் மோசமானது, எலியிடமும் அப்படித்தான். அன்றே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள், சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.