விர்ச்சுவல்பாக்ஸை கட்டளை வரியில் அமைப்பது: கேள்வி பதில்

கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் குழுவில் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். எல்லாம் விர்ச்சுவல்பாக்ஸ் பற்றியவை: ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை, அதாவது மெய்நிகர் கணினியை, ஓட்டும் மென்பொருள் அது. கேட்டவர்களை ஊர்ப் பெயரால் குறித்திருக்கிறேன். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். விர்ச்சுவல்பாக்ஸின் கட்டளைக் கருவி விபாக்ஸ்மேனேஜ்; கீழே வரும் துணைக்கட்டளைகள் எல்லாவற்றுக்கும் முன்னால் அதைத் தட்ட வேண்டும்.

செந்தூல்: அண்ணா, சி டிரைவ் நிரம்பிவிட்டது. இனி உருவாக்கும் மெய்நிகர் கணினிகள் டி டிரைவுக்குப் போக வேண்டும். கட்டளையிலேயே மாற்றலாமா?

மாற்றலாம். விபாக்ஸ்மேனேஜ் செட்பிராப்பர்ட்டி மெஷின்ஃபோல்டர் என்று தட்டி, அடுத்து புதிய கோப்புறையின் பாதையைக் கொடுங்கள். பாதையில் இடைவெளி இருந்தால் இரட்டை மேற்கோளுக்குள் போடுங்கள். பாதைக்குப் பதிலாக டிஃபால்ட் என்று கொடுத்தால் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். மாறியதா என்பதை விபாக்ஸ்மேனேஜ் லிஸ்ட் சிஸ்டம்பிராப்பர்டீஸ் காட்டும். விண்டோஸில் "அப்படி ஒரு கட்டளை இல்லை" என்று வந்தால் பயப்பட வேண்டாம். புரோகிராம் ஃபைல்ஸ், அதற்குள் ஆரக்கிள், அதற்குள் விர்ச்சுவல்பாக்ஸ் கோப்புறைக்குப் போய் அங்கிருந்து தட்டுங்கள்.

இது புதிய கணினிகளுக்கு மட்டும்தான். ஏற்கெனவே சி டிரைவில் உள்ளவை அங்கேயே இருக்கும். அவற்றை நகர்த்த மூவ்விஎம் என்ற துணைக்கட்டளை இருக்கிறது: கணினியின் பெயர், --டைப் பேசிக், --ஃபோல்டர், பாதை. எக்ஸ்புளோரரில் வெட்டி ஒட்டாதீர்கள். மென்பொருளுக்குத் தெரியாமல் இடம் மாறிய வட்டை அது பழைய இடத்திலேயே தேடும்.

ஈப்போ சாலை: மெமரியை 4096 ஆக்க முயன்றால் கணினி பூட்டப்பட்டிருக்கிறது என்று பிழை வருகிறது.

கணினி ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால்தான். அமைப்புகளை மூன்று அடுக்காகப் பாருங்கள். செட்பிராப்பர்ட்டி மென்பொருள் முழுமைக்கும் உரியது. மாடிஃபைவிஎம் ஒரு குறிப்பிட்ட கணினிக்கு, அது அணைந்திருக்கும்போது. கன்ட்ரோல்விஎம் ஓடும் கணினிக்கு. மெமரியும் சிபியு எண்ணிக்கையும் இரண்டாவது அடுக்கு. நிலையைச் சேமித்து மூடியிருந்தாலும் போதாது, முழுதாக அணைக்க வேண்டும். ஆனால் நாட் வலையமைப்பில் (மெய்நிகர் கணினி உங்கள் கணினி வழியாக வெளியே பேசும் முறை) ஒரு போர்ட்டைத் திறந்துவிடுவதை ஓடும்போதே கன்ட்ரோல்விஎம் செய்துவிடும். எந்தக் கட்டளையைத் தட்டுவதற்கும் முன்னால், எந்த அடுக்கில் கை வைக்கிறோம் என்று கேட்டுக்கொண்டால் பாதிப் பிழைகள் வரவே வராது.

பாயான் லெப்பாஸ்: தொழிற்சாலை லினக்ஸ் சர்வரில் சூடோ போட்டு லிஸ்ட் விஎம்எஸ் தட்டினேன். பட்டியல் காலியாக இருக்கிறது. கணினிகள் அழிந்துவிட்டனவா?

அழியவில்லை. விர்ச்சுவல்பாக்ஸின் அமைப்புகள் பயனர் கணக்குக்கு உரியவை. லினக்ஸில் அவை உங்கள் வீட்டுக் கோப்புறைக்குள் டாட் கான்ஃபிக், அதற்குள் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற இடத்தில் இருக்கின்றன. சூடோ போட்டால் கேட்பவர் ரூட், அதாவது லினக்ஸின் நிர்வாகி கணக்கு. ரூட்டுக்குச் சொந்தமாக எந்தக் கணினியும் இல்லாததால் காலிப் பட்டியல் வருகிறது. சூடோ இல்லாமல், கணினிகளை உருவாக்கிய அதே கணக்கில் தட்டுங்கள். சூடோவோடு செட்பிராப்பர்ட்டி ஏதும் தட்டியிருந்தால் அது ரூட்டின் அமைப்பில்தான் பதிந்திருக்கிறது; உங்களுடையது மாறவில்லை.

பிரிக்பீல்ட்ஸ்: ஜாதகம் கணிக்கும் பழைய மென்பொருளுக்காக விண்டோஸ் எக்ஸ்பியை உள்ளே வைத்திருக்கிறேன். அதன் கடிகாரம் சரியாக எட்டு மணி நேரம் பின்தங்குகிறது. காலையில் திறந்தால் முந்தைய நாள் பஞ்சாங்கம் வருகிறது.

ஐயா, எட்டு மணி என்ற அந்தத் துல்லியமே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. மலேசிய நேரம் உலகப் பொது நேரமான யுடிசியை விட எட்டு மணி முந்தியது. விண்டோஸ் வன்பொருள் கடிகாரத்தை உள்ளூர் நேரம் என்று நம்பும். உங்கள் மெய்நிகர் கணினியோ அதற்கு யுடிசியைக் கொடுக்கிறது. அணைத்துவிட்டு மாடிஃபைவிஎம், கணினியின் பெயர், --ஆர்டிசியூஸ்யுடிசி ஆஃப் என்று தட்டுங்கள். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இதன் மறுபக்கம் நடக்கும்: உள்ளே எட்டு மணி முந்திக் காட்டினால் ஆன் என்று தட்ட வேண்டும். உருவாக்கும்போது இயங்குதள வகையைச் சரியாகத் தேர்ந்தெடுக்காததே பெரும்பாலும் காரணம். சென்னை நண்பரிடம் வாங்கிய கணினி இரண்டரை மணி பின்தங்கினால் அது வேறு. உள்ளே போய் நேர மண்டலத்தைக் கோலாலம்பூருக்கு மாற்றுங்கள்.

உங்கள் தொழிலுக்காக இன்னொன்று. தீபகற்ப மலேசியாவில் 1982 ஜனவரி 1 முதல்தான் எட்டு மணி. அதற்கு முன் ஏழரை மணி. 1975இல் பிறந்தவருக்கு எட்டு என்று போட்டுக் கணித்தால் அரை மணி தவறும், லக்னம் சந்தியில் இருந்தால் லக்னமே மாறிவிடும். அதை ஜாதக மென்பொருளுக்குள்தான் திருத்த வேண்டும், இங்கே அல்ல.

கோலாலம்பூர், தமிழ்ப்பள்ளி ஆசிரியை: கணினி அறையில் மாணவர்கள் சாளரத்தை மூடும்போது "மின்சாரத்தை நிறுத்து" என்பதை அழுத்திவிடுகிறார்கள். உள்ளே இருக்கும் லினக்ஸ் பழுதாகிறது.

நல்ல கேள்வி, டீச்சர். செட்எக்ஸ்ட்ராடேட்டா, கணினியின் பெயர், ஜியுஐ/ரெஸ்ட்ரிக்டட்குளோஸ்ஆக்‌ஷன்ஸ், பவர்ஆஃப் என்று தட்டினால் அந்தத் தேர்வே மறைந்துவிடும். நிலையைச் சேமிப்பதையும் தடுக்க விரும்பினால் காற்புள்ளி போட்டு சேவ்ஸ்டேட்டைச் சேர்க்கலாம். எல்லா வழிகளையும் அடைத்துவிடாதீர்கள், ஷட்டவுன் இருக்கட்டும். நீங்கள் அறையைப் பூட்டும்போது கன்ட்ரோல்விஎம், பெயர், ஏசிபிஐபவர்பட்டன் தட்டினால் உள்ளே இருக்கும் இயங்குதளம் முறையாக அணையும். இதே கட்டளைகளை ஒரு தொகுப்புக் கோப்பில் எழுதி அறையில் உள்ள எல்லாக் கணினிகளிலும் ஓட்டுங்கள். ஆனால் மாணவர்கள் நுழையும் கணக்கில் ஓட்டுங்கள். நிர்வாகி கணக்கில் ஓட்டினால் அது மாணவர்களைச் சேராது.

ஜெலுத்தோங்: சூடோ போட்டால்தான் சக்தி அதிகம் என்பார்கள். ஆனால் கணினி கிடைக்கவில்லை என்கிறதே?

பாயான் லெப்பாஸ் பதிலைப் பாருங்கள்.

பட்டர்வொர்த்: இத்தனை கட்டளைகள் எதற்கு? கணினியின் அமைப்புகள் எல்லாம் ஓர் எக்ஸ்எம்எல் உரைக் கோப்புதானே. டாட் விபாக்ஸ் கோப்பை நோட்பேடில் திறந்து எண்ணை மாற்றினால் வேலை முடிந்தது. நான் அப்படித்தான் செய்கிறேன்.

அந்தக் கோப்பின் தலைப்பில் உள்ள குறிப்பைப் படித்தீர்களா? இந்தக் கோப்பைத் திருத்தாதே, விர்ச்சுவல்பாக்ஸ் தொடர்பான ஏதாவது ஓடும்போது திருத்தினால் உன் மாற்றம் பயன் தராமலே அழிக்கப்படும் என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது. பின்னணியில் விபாக்ஸ்எஸ்விசி என்ற சேவை எல்லா அமைப்புகளையும் நினைவகத்தில் வைத்துக்கொண்டிருக்கும். அடுத்த முறை அது எழுதும்போது, தன்னிடம் உள்ளதைத்தான் எழுதும். நீங்கள் மாற்றிய எண் போய்விடும்.

பட்டர்வொர்த்: எல்லாவற்றையும் மூடிவிட்டுத்தான் திருத்துகிறேன். அப்போது?

அப்போது எண் நிற்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் திருத்தம் சரியா என்று பார்க்க அந்த நேரத்தில் யாரும் இல்லை. மாடிஃபைவிஎம்மில் பொருந்தாத எண்ணைக் கொடுத்தால் அங்கேயே மறுத்துவிடும். நோட்பேட் மறுக்காது. ஒரு மேற்கோள் குறி விட்டுப்போனால் கணினி "அணுக இயலாது" என்ற நிலைக்குப் போய்விடும்.

பட்டர்வொர்த்: உங்கள் செட்எக்ஸ்ட்ராடேட்டா மட்டும் சரிபார்க்கிறதா? எந்தக் குப்பையைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறதே!

இது நியாயமான வாதம், அழுத்தமாகச் சொல்ல வேண்டியதும்கூட. அந்த ஒரு கட்டளை பெயரைச் சரிபார்ப்பதில்லை. ஓர் எழுத்து பிழையானால் புதிதாக ஒரு பயனற்ற பெயரைப் பதிந்துவிட்டு மௌனமாக இருக்கும். ஹோஸ்ட் விசையை, அதாவது மெய்நிகர் கணினியிலிருந்து விசைப்பலகையை விடுவிக்கும் விசையை, எடுத்துக்கொள்ளுங்கள். வலது கன்ட்ரோலுக்கு லினக்ஸில் எண் 65508, விண்டோஸில் 163. லினக்ஸ்காரர் எழுதிய குறிப்பைப் பார்த்து விண்டோஸில் 65508 போட்டால் கட்டளை ஏற்கும், விசை வேலை செய்யாது. ஆகவே செட்எக்ஸ்ட்ராடேட்டா தட்டியவுடன் கெட்எக்ஸ்ட்ராடேட்டா குளோபல் எனுமரேட் தட்டி, பதிந்ததைக் கண்ணால் பாருங்கள். ஒரு கணினிக்கு உரியதென்றால் குளோபல் என்ற இடத்தில் அதன் பெயர். மதிப்பு இல்லாமல் பெயரை மட்டும் கொடுத்தால் பதிவு நீங்கிவிடும். ஆனால் ஒரு கதவில் காவல் இல்லை என்பதற்காக மற்ற கதவுகளையும் திறந்து போடச் சொல்வது சரியல்ல. மற்ற கட்டளைகள் சரிபார்க்கின்றன, அவற்றைப் பயன்படுத்துங்கள்.

செராஸ்: எம்1 மேக்கில் பழைய விண்டோஸ் ஓடுமா?

ஓடாது. 7.1 பதிப்பிலிருந்து அந்த மேக்கில் விர்ச்சுவல்பாக்ஸ் இருக்கிறது, ஆனால் அந்த மேக்கின் சிப் வகையான ஏஆர்எம்முக்கு எழுதிய இயங்குதளங்களுக்கு மட்டும்.

பங்சார்: அலுவலகத்தில் யுஎஸ்பி 3க்காக எக்ஸ்டென்ஷன் பேக் (கூடுதல் வசதித் தொகுப்பு) போடலாமா?

7.0 முதல் யுஎஸ்பி 3 அடிப்படைத் தொகுப்பிலேயே இருக்கிறது, பேக் தேவையில்லை. அந்தப் பேக்கின் இலவச உரிமம் சொந்தப் பயனுக்கும் கல்விக்கும் உரியது. அலுவலகத்துக்குப் பணம் கட்டி உரிமம் வாங்க வேண்டும்.

ஆயர் ஈத்தாம்: சூடோ விபாக்ஸ்மேனேஜ் தட்டினால்...

சூடோவை எடுத்துவிடுங்கள், தம்பி.

கெப்போங்: பட்டர்வொர்த் நண்பர் சொன்னதைப் படித்துவிட்டு நானும் கோப்பைத் திருத்தினேன். இப்போது கணினி அணுக இயலாது என்கிறது. நீக்கிவிட்டுப் புதிதாகச் செய்யட்டுமா?

எதையும் நீக்காதீர்கள். எல்லாச் சாளரங்களையும் மூடுங்கள். டாஸ்க் மேனேஜரில் விபாக்ஸ்எஸ்விசி மறையும்வரை சில நொடிகள் காத்திருங்கள். கணினியின் கோப்புறையில் அதே பெயரில், இறுதியில் விபாக்ஸ்-பிரீவ் என்று முடியும் கோப்பு இருக்கும். மென்பொருள் தானே எடுத்து வைக்கும் முந்தைய பிரதி அது. கெட்டுப்போன கோப்பின் பெயரை மாற்றி ஓரமாக வையுங்கள். பிரீவ் கோப்பை நகலெடுத்து, நகலுக்கு டாட் விபாக்ஸ் என்று முடியும் பழைய பெயரைக் கொடுங்கள். கணினியின் சேமித்த பழைய நிலைகள் இருக்கும் ஸ்னாப்ஷாட்ஸ் கோப்புறையைத் தொடவே கூடாது. பிறகு விபாக்ஸ்மேனேஜ் ஷோவிஎம்இன்ஃபோ, கணினியின் பெயர் தட்டுங்கள். விவரங்கள் வரிசையாக வந்தால் கணினி திரும்பிவிட்டது. நீங்கள் மாற்ற நினைத்த எண்ணை இப்போது மாடிஃபைவிஎம் கொண்டு மாற்றுங்கள்.