டெக்னோ இரண்டு நிமிடத்தில் சலிக்கிறது என்றவருக்கு

"பாட்டு வரியே இல்லை, எல்லாம் ஒரே டும் டும், இரண்டு நிமிடம் தாண்ட முடியவில்லை" என்று டெக்னோ எனும் மின்னணு நடன இசையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். போன் ஸ்பீக்கரில் கேட்டால் அப்படித்தான் இருக்கும், அந்த டும் டும் அடிக்கிற கிக் டிரம்மின் கனம் அதில் வரவே வராது. நல்ல ஹெட்போன் போடுங்கள். அப்புறம், அடுத்து சரணம் வருமென்று காத்திருக்காமல் 'ட்ஸ் ட்ஸ்' என்று ஒலிக்கும் ஹை-ஹாட் தாளத்தட்டை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். எட்டோ பதினாறோ சுற்று போனதும் ஒரு ஒலி உள்ளே வரும், இன்னொன்று விலகும், ஒலியின் கூர்மையை அடக்கி வைத்திருக்கும் ஃபில்டர் மெல்லத் திறந்து அதே நாலு ஸ்வரம் கூர்மையாகும். எனக்கு இதில் பிடித்ததே அந்த மெதுவான நகர்வுதான்.

டெக்னோ 1980களில் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் பிறந்தது. ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் மூவரும் பக்கத்து பெல்வில்லில் பள்ளி நண்பர்கள், கறுப்பின இளைஞர்கள். கார் தொழிற்சாலைகள் நொடித்துக்கொண்டிருந்த அந்த வட்டாரத்தில், ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் என்ற மின்னணு இசைக்குழுவையும் ஃபங்க் என்ற அமெரிக்க நடன இசையையும் ஒரே ரேடியோவில் கேட்டு வளர்ந்து, ரோலண்ட் 909 மாதிரி டிரம் இயந்திரங்களில் இதை உருவாக்கினார்கள்.

நீங்கள் மெட்டு தேடுகிறவர், அதனால் டெரிக் மேயின் 'ஸ்ட்ரிங்ஸ் ஆஃப் லைஃப்' (1987) கேட்டுத் தொடங்குங்கள். பியானோவும் வயலின் துண்டுகளும்தான் அதில் முன்னால் நிற்கும், அடியில் ஓடும் கனத்த பேஸ் லைனே கிடையாது.