கந்தப்பளைப் பன்றிக்கு எந்தத் துவக்கு?

கேள்வி நுவரெலியாவை அடுத்த கந்தப்பளைப் பக்கமிருந்து வந்திருக்கிறது. காட்டோரமாக ஒன்றரை ஏக்கர் சொந்தக் காணி. உருளைக்கிழங்கு, லீக்ஸ், கரட் போடுகிறார். இரவில் காட்டுப்பன்றி இறங்கிக் கிழங்குப் பாத்தியைக் கிண்டிப் புரட்டிவிட்டுப் போகிறது. மிச்சத்தை முள்ளம்பன்றி பார்த்துக்கொள்கிறது. மெல்பனில் இருக்கும் மச்சான், ".223 ரைபிள் ஒன்று எடுத்து ஸ்கோப் பூட்டு, 200 மீற்றரிலேயே விழும், முள்ளம்பன்றிக்கு.22 போதும்" என்று சொல்லியிருக்கிறாராம். போன வருடம் தவறிப்போன மாமாவின் பழைய இங்கிலிஷ் இரட்டைக்குழல் துவக்கும் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. ரைபிள் எடுப்பதா, எடுத்தால் எந்தக் காலிபர் (குழலின் உள்விட்ட அளவு), இல்லை மாமாவின் துவக்கே போதுமா என்று கேட்கிறார்.

கடைசியில் கேட்டதை முதலில் எடுக்கிறேன், அதுதான் அவசரம். லைசன்ஸ் மாமாவின் பேரில் இருந்தது. அவரோடு அது முடிந்துபோனது. காணி, தளபாடம் மாதிரி துவக்கு தானாக மருமகன் கைக்கு வராது. இன்றைக்கு உங்கள் அலுமாரியில் இருப்பது லைசன்ஸ் இல்லாத துவக்கு. பழைய லைசன்ஸையும் மரணச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு பொலிசுக்குப் போய் விஷயத்தைச் சொல்லுங்கள். துவக்கைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறவேண்டாம்; எப்படிக் கையளிப்பது என்று அவர்களே சொல்வார்கள். கையளித்ததற்கு எழுத்தில் ஒரு துண்டு வாங்கி வையுங்கள். உங்கள் பேருக்கு மாற்றக் கேட்பது அதற்கப்புறம்.

சரி, ரைபிளுக்கு வருவோம். இலங்கையில் துவக்கு வைத்திருப்பதை இன்னமும் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம்தான் ஆளுகிறது. லைசன்ஸை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். பயிர்ப் பாதுகாப்புக்கென்று கேட்டால் கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகம், பொலிஸ் அறிக்கை என்று படிப்படியாக ஏறி மாவட்டச் செயலகத்துக்குப் போகும் விண்ணப்பம் அது. அந்த வழியால் விவசாயி கைக்கு வந்து சேர்வது நடைமுறையில் சொட்கன்தான், அதாவது ஒற்றை ரவைக்குப் பதில் ஈயச் சன்னங்களை விரித்து அனுப்பும் துவக்கு. 1971இலும், அப்புறம் 1987 முதல் 89 வரையிலும் கிளர்ச்சிக்காரர்கள் வீடு வீடாகப் போய் சொட்கன்களைப் பறித்துப்போன நாடு இது. துவக்கு என்றதும் அதிகாரிகள் இரண்டு தரம் யோசிப்பதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் நாளைக்கே ரைபிள் தாராளமாகக் கிடைத்தாலும் உங்கள் காணிக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

மச்சான் சொன்னது அவருடைய ஊருக்குச் சரி. .223, .22-250, .204 ரூகர், .17 எச்.எம்.ஆர். எல்லாம் வேட்டைக்காரர் கையில் ஒரே வேலைக்குத்தான். பரந்த புல்வெளியில் முயல், நரி, அமெரிக்காவில் என்றால் நிலத்தில் வளை தோண்டும் அணில் வகைகள். விலங்கு சின்னது, தூரம் நூறிலிருந்து முந்நூறு மீற்றர். அதனால் ரவை இலேசாகவும் மிக வேகமாகவும் இருக்க வேண்டும். அப்போதுதான் அதன் பாதை நேர்க்கோட்டை ஒட்டிப் போகும், தூரத்தைத் தப்பாகக் கணித்தாலும் குறி பிழைக்காது. வழமையான .223 ரவை 55 கிரெய்ன், அதாவது மூன்றரைக் கிராம் சொச்சம். விநாடிக்கு 990 மீற்றர் அளவில் கிளம்புகிறது. அந்த வகை வேட்டைக்கென்று செய்த ரவைக்கு மேலுறை மெல்லியது. பட்ட இடத்திலேயே நொறுங்கிச் சிதறும். நரிக்கு அது நல்லது, அப்பால் தெறித்துப் போகிற ஆபத்தும் குறைவு.

உங்கள் பாத்தியில் நிற்பது நரி இல்லையே. வளர்ந்த கடுவன் பன்றி நூறு கிலோவையும் தொடும். அதன் தோள்மேல் குருத்தெலும்பு மாதிரி ஒரு தடித்த கவசம் இருக்கிறது. கடுவன்கள் ஒன்றையொன்று கோரைப்பல்லால் குத்தும்போது காப்பது அதுதான். மெல்லிய உறை ரவை அதில் பட்டால் மேலேயே நொறுங்கிவிடும். பன்றி ஓடிவிடும், காயத்தோடு. காலையில் கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் தேயிலைக்குள் அதன்மேல் போய் மிதிப்பார்கள். பன்றிக்கென்று தடித்த உறை ரவை, .243 மாதிரி இன்னும் பெரிய காலிபர் எல்லாம் உண்டு. அதனாலும் உங்கள் பிரச்சினை தீராது, ஏனென்றால் அடுத்த கேள்வி ரவை எங்கே போய் நிற்கும் என்பது.

.22ஐச் சிலர் விளையாட்டுச் சாமான் மாதிரி நினைக்கிறார்கள். அந்தச் சின்ன ரவை ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றர் போகும். .223 இரண்டரைக் கிலோமீற்றரைத் தாண்டும். கந்தப்பளையில் உங்கள் காணியிலிருந்து இரண்டு கிலோமீற்றர் வட்டம் போட்டுப் பாருங்கள்: எத்தனை லயம், எத்தனை கோயில், எத்தனை வளைவு ரோட்டு. அதோடு .22 ரவை கல்லிலும் தண்ணீரிலும் பட்டுத் தெறிப்பதில் பேர்போனது. நம் மலையில் மண்ணைவிடக் கல்தான் கூட.

வெடி வைக்கும் முன் பன்றியைப் பார்க்கிற நேரத்தைவிட அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கிற நேரம் கூடுதலாக இருக்க வேண்டும். பன்றி கீழ்ப் பாத்தியில், நீங்கள் மேல் வரம்பில் நின்று கீழ்நோக்கிக் குறி வைத்தால் தப்பின ரவை பாத்தி மண்ணுக்குள் போகும். நீங்கள் கீழே, பன்றி மேலே, அதன் முதுகுக்குப் பின்னால் வானம் தெரிகிறதென்றால் அந்த வெடியை வைக்கவே கூடாது. மலைமுகட்டுக்கு அந்தப் பக்கம் யாருடைய கூரை என்று உங்களுக்குத் தெரியாது. ஆகவே பகலிலேயே போய் நின்று பாருங்கள். எந்த இடத்திலிருந்து எந்தப் பக்கம் சுட்டால் மண் தாங்கும் என்று பார்த்து ஒரு கம்பு நட்டு வையுங்கள். இரவில் அந்தக் கம்பை விட்டு நகராதீர்கள். மூடுபனி இறங்கி எதிர்க்கரை மறைந்தால் துவக்கைத் திறந்து ரவையை எடுத்துவிட்டு வீட்டுக்குப் போய் ஒரு பிளேன்டி குடியுங்கள்.

இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் உங்களுக்குப் பொருந்துவது 12 போர் சொட்கன். ஒற்றைக்குழல் போதும், இரட்டைக்குழல் கிடைத்தால் நல்லது. 'போர்' என்பது காலிபரைப்போல அளவுகோலில் வந்த எண் இல்லை: ஒரு இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டையாக்கினால் அதில் ஒன்று நுழையும் குழல் 12 போர், விட்டம் 18.5 மில்லிமீற்றர். 16 போர் அதைவிட ஒடுக்கமானது அந்தக் கணக்கால்தான். மடக்கித் திறக்கும் துவக்கை நான் விரும்புவதற்குக் காரணம் வேறு. திறந்திருந்தால் வெறுமையா என்று பத்தடி தூரத்தில் நிற்பவனுக்கும் தெரியும். மழையில் சறுக்குகிற வரம்பில் நடக்கும்போது அது பெரிய நிம்மதி.

பன்றிக்கு எஸ்.ஜி. தோட்டா. ஒவ்வொரு சன்னமும் 8.4 மில்லிமீற்றர், வழமையான தோட்டாவில் ஒன்பது இருக்கும். 25 மீற்றர், மிஞ்சினால் 30. அதற்கப்பால் சன்னங்கள் விரிந்து இரண்டொன்றுதான் படும், காயப்படுத்துவதோடு சரி. எஸ்.ஜி.யும் 600 மீற்றருக்கு மேல் போகக்கூடியது, ஆகவே மேலே சொன்ன கம்புக் கதை இதற்கும் பொருந்தும். ஆனாலும் 600 மீற்றரைக் கண்ணால் பார்த்துக் கணக்கெடுக்கலாம், இரண்டரைக் கிலோமீற்றரை எடுக்க முடியாது. பறவைக்கென்று வரும் 6ஆம் நம்பர் சன்னத்தைப் பன்றிமேல் விடாதீர்கள். அது தோலோடு நின்றுவிடும், பன்றி கோபத்தோடு திரும்பும்.

துவக்கு கைக்கு வந்ததும் ஒரு தோட்டாவைக் காகிதத்துக்குச் செலவழியுங்கள். மண் மேட்டில் பெரிய பழைய காகிதம் ஒன்றை ஒட்டி, நடுவில் சாப்பாட்டுக் கோப்பை அளவு வட்டம் போட்டு, 25 மீற்றரிலிருந்து ஒரு வெடி. வட்டத்துக்குள் ஐந்தாறு சன்னமாவது விழவேண்டும். விழாவிட்டால் அந்தத் துவக்குக்கு 25 மீற்றர் தூரம் அதிகம். கிட்ட வந்து பாருங்கள். குழல் வாய் ஒடுக்கமாக இருந்தால் நெருக்கமாக விழும் என்பார்கள். சின்னச் சன்னத்துக்கு அது உண்மை. பெரிய சன்னங்கள் ஒடுக்கத்தில் ஒன்றையொன்று முட்டித் தாறுமாறாகப் போவதும் உண்டு. காகிதம் சொல்வதை நம்புங்கள்.

அப்புறம் டோர்ச். இதைப் பலர் தப்பாகவே தெரிந்து வைத்திருக்கிறார்கள். இருட்டில் கண் மின்னினால் சுடலாம் என்று நினைப்பார்கள். பன்றியின் கண்ணுக்குள் வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும் படலம் கிடையாது. ஆகவே பளிச்சென்று இரண்டு கண் மின்னுகிறதென்றால் அது பெரும்பாலும் பன்றி இல்லை: மரை, நாய், பக்கத்து வீட்டு மாடு, இல்லாவிட்டால் சிறுத்தை. மரையும் சிறுத்தையும் சட்டப் பாதுகாப்பில் உள்ளவை. கண் மின்னாமல் கறுப்பாக அசைகிற உருவம் பன்றியாக இருக்கலாம், மனுசனாகவும் இருக்கலாம், ஏனென்றால் நம் கண்ணிலும் அந்தப் படலம் இல்லை. தண்ணி பாய்ச்ச வந்தவரை, காவலுக்குப் படுத்தவரைப் பன்றியென்று நினைத்துச் சுட்ட கதைகள் இப்படித்தான் ஆரம்பிக்கின்றன. தலையும் காலும் முதுகும் சேர்ந்து முழுப் பன்றியாகத் தெரியும்வரை விரல் விசைக்கு வெளியில் இருக்கட்டும்.

முள்ளம்பன்றிக்குத் துவக்கே வேண்டாம். அடர்த்தியான கம்பி வலையை ஒரு அடி ஆழம் மண்ணுக்குள் இறக்கி, மேலே இரண்டு அடி நிற்க விட்டால் பெரும்பாலும் நின்றுவிடும். பன்றிக்கும் முதலில் வேலிதான். பற்றரியில் ஓடும் எனர்ஜைசர், அதாவது கம்பியில் விட்டுவிட்டு மின்னதிர்ச்சி கொடுக்கும் பெட்டி வைத்து, நிலத்திலிருந்து ஓரடிக்குக் கொஞ்சம் கீழே ஒரு கம்பி, ஒன்றரை அடியில் இன்னொன்று. மூக்கில் ஒருதரம் அடி வாங்கிய பன்றி அந்தப் பக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் விடுவது கொலை, சட்டப்படியும் குற்றம். குரங்கு, தண்டணில் விஷயம் வேறு. எந்த விலங்கை எப்படிக் கையாளலாம் என்பது ஒவ்வொன்றுக்கும் ஒரு விதம், வனஜீவராசிகள் காரியாலயத்தில் கேட்காமல் அவற்றின்மேல் எயார் ரைபிளைக்கூட நீட்டவேண்டாம்.

துவக்கு கிடைக்கும்வரை என்று சொல்லிச் சுருக்குக் கம்பி கட்டிவிடாதீர்கள். 2020 மே மாதம் நல்லத்தண்ணிப் பக்கத்தில் மரக்கறித் தோட்டத்தில் கட்டிய சுருக்கில் கருஞ்சிறுத்தை ஒன்று மாட்டியது. உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தும் சில நாளில் செத்துப்போனது. சுருக்குக்குப் பன்றியும் சிறுத்தையும் ஒன்றுதான்.

இனி மாமாவின் துவக்கு. உங்கள் பேருக்கு மாறி வருகிறது என்று வைத்துக்கொண்டாலும் உடனே தோட்டா போடாதீர்கள். பழைய இங்கிலிஷ் துவக்குகள் பலவற்றில் தோட்டா அறை இரண்டரை அங்குலம், அதாவது 65 மில்லிமீற்றர். இன்றைக்குப் பரவலாக வருவது 70 மில்லிமீற்றர் தோட்டா. இதில் ஒரு பொறி இருக்கிறது: தோட்டாவின் அளவு வெடித்து வாய் விரிந்த பிறகு எடுத்தது. வெடிக்காத தோட்டா குட்டையாக இருப்பதால் பழைய அறைக்குள் அழகாகப் போய் உட்காரும், துவக்கும் மூடும். சுட்டதும் மடிப்பு விரிய இடமில்லாமல் குழலின் ஒடுக்கத்துக்குள் போய் அடைக்கும், அழுத்தம் எகிறும். குழலைக் கழற்றி அடிப்பக்கத் தட்டையான இடத்தைப் பார்த்தால் பல துவக்குகளில் அறையின் நீளம் பொறித்திருக்கும். குழல்மேல் மரத்து ரேகை மாதிரி சுருள் சுருளாகக் கோடு தெரிந்தால் அது டமஸ்கஸ் குழல், பழைய கறுப்பு வெடிமருந்துக் காலத்தது; சுவரில் மாட்டலாம், சுடக்கூடாது. கடைசியாக, கழற்றிய குழலைக் கொளுக்கியில் விரலால் தூக்கிப் பிடித்து மரக்கட்டையால் மெல்லத் தட்டிப் பாருங்கள். கோயில் மணி மாதிரி நின்று ஒலித்தால் இரண்டு குழலையும் பிடித்திருக்கும் பற்றாசு நன்றாக இருக்கிறது. 'டொக்' என்று செத்த சத்தம் கேட்டால், அதைத் திருப்பிக் கையளித்துவிட்டு ஒரு புது ஒற்றைக்குழலுக்கு விண்ணப்பம் எழுதுங்கள்.