இன்லைன் மசில்லோடருக்கு எந்த 209 பிரைமர் வாங்குவது?

கேள்வி: .50 காலிபர் இன்லைன் மசில்லோடர் (வாய் வழியாக மருந்தும் குண்டும் போடும் துப்பாக்கி) புதிதாக வாங்கியிருக்கிறேன். மருந்தைப் பற்ற வைக்கும் பிரைமர் வாங்கப் போனால், கடையில் "இருப்பதிலேயே சூடான பிரைமரை எடுத்துக்கோ" என்கிறார்கள். அப்படியே செய்யலாமா?

முதலில் என்ன வெடிமருந்து போடப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். பிரைமர் அதற்கு அப்புறம்தான். கடையில் சொன்னது பிளாக்ஹார்ன் 209 மருந்துக்குச் சரி. மற்றவற்றுக்கு அவ்வளவு சூடு தேவையில்லை, சில சமயம் கெடுதல்கூட.

நான் ஒஹையோவில் ஜனவரி மசில்லோடர் சீசனில் மான் வேட்டைக்குப் போகிறவன். அந்தக் குளிரில் கிடைப்பது ஒரே ஒரு குண்டு என்பதால் இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் அதிகம்.

209 பிரைமர் ஷாட்கன் தோட்டாவுக்காக உருவானது. நம் துப்பாக்கியில் அதன் சுவாலை, குழலின் பின்பக்கத்தை அடைக்கும் பிரீச் பிளக்கின் சின்ன ஓட்டை வழியாகப் போய் மருந்தைப் பற்ற வைக்கிறது. வேகம் ரொம்ப அதிகமாக இருந்தால், மருந்து சரியாகப் பிடிப்பதற்குள் குண்டையே லேசாக முன்னால் தள்ளிவிடக்கூடும். அப்புறம் குண்டுகள் ஒரே இடத்தில் விழாது.

டிரிபிள் செவன் மருந்து போடுகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. ஒரு முறை சுட்டுவிட்டு அடுத்த குண்டை ராம்ராடால் (குண்டைக் குழலுக்குள் இறக்கும் கோல்) தள்ளினால், அடிக்குச் சற்று மேலே வந்ததும் முட்டிக்கொண்டு நிற்கும். குழலுக்குள் வளையமாக இறுகிப்போன கசடு அது. சூடான பிரைமர் அதை இன்னும் மோசமாக்கும். இதற்காகவே சூடு குறைத்து வின்செஸ்டர் 'டிரிபிள் செவன்' பிரைமரும், ரெமிங்டன் கிளீன்போர் பிரைமரும் வந்தன. டிரிபிள் செவன், பைரோடெக்ஸ் ஆகிய இரண்டு மருந்துகளுக்கும் என் முதல் தேர்வு இந்த வகைதான். கிடைக்காவிட்டால் சாதாரண வின்செஸ்டர் 209 போதும், ஒவ்வொரு குண்டுக்கும் நடுவே ஈரத்துணி விட்டுத் துடைத்துக்கொள்ளுங்கள்.

பிளாக்ஹார்ன் கதையே வேறு. அதில் நைட்ரோசெல்லுலோஸ் இருக்கிறது, லேசில் பற்றாது. அதற்கு ஃபெடரல் 209ஏ அல்லது சிசிஐ 209எம் வாங்குங்கள். மேலே சொன்ன மென்மையான பிரைமர்களை அதோடு சேர்க்கவே கூடாது. குதிரையை இழுத்ததும் பிரைமர் மட்டும் வெடித்து, சற்றுத் தாமதித்துத் துப்பாக்கி வெடிக்கலாம். அப்படிப் பிரைமர் மட்டும் வெடித்து நின்றுவிட்டால் துப்பாக்கியைத் திறக்காதீர்கள். குழல் வாயைப் பாதுகாப்பான திசையிலேயே வைத்துக் குறைந்தது ஒரு நிமிஷம் காத்திருங்கள்.

பலரும் கவனிக்காதது பிரைமர் பொருந்தும் விதம். எல்லாம் 209 என்றாலும் கம்பெனிக்குக் கம்பெனி அளவில் மயிரிழை வித்தியாசம் உண்டு. பிரைமரை வைத்துத் துப்பாக்கியை மூடும்போது லேசான இறுக்கம் கையில் தெரிய வேண்டும். லொடலொட என்றிருந்தால் புகை பின்பக்கம் கசியும். சுட்ட பிரைமரை எடுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் கரி ஏறியிருந்தாலோ ஸ்கோப்பின் அடியில் கறுப்புப் படிந்திருந்தாலோ கசிவுதான். வேறு கம்பெனி பிரைமர் போட்டுப் பாருங்கள், சில பிளக்குகளில் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) மாற்றினாலும் சரியாகும். பிளாக்ஹார்ன் போடுகிறவர்கள் சுவாலை போகும் பாதையில் சேரும் கரியை 1/8 அங்குல டிரில் பிட்டால் கையாலேயே திருகிச் சுரண்டிவிட வேண்டும். அது அடைத்துவிட்டால் எந்தப் பிரைமரும் உதவாது.

வேட்டைநாள் காலையில் நான் தவறாமல் செய்யும் ஒரு வேலை: மருந்து போடுவதற்கு முன், துணித்துண்டு மாட்டிய ராம்ராடைக் குழலின் அடிவரை இறக்கிவிட்டு, வாயை ஆளில்லாத பக்கம் திருப்பி, வெறும் பிரைமரை ஒரு தடவை வெடிப்பேன். துணியை வெளியே எடுத்தால் நடுவில் கருகிய பொட்டு இருக்க வேண்டும். இருந்தால் உள்ளே தடவியிருந்த எண்ணெய் போய்விட்டது, வழி திறந்திருக்கிறது. மரத்து மேடையில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் புதுப் பிரைமரை வைப்பேன், இறங்குவதற்கு முன் கழற்றிவிடுவேன்.

ஆகவே மொத்தமாக வாங்காதீர்கள். உங்கள் மருந்துக்கு ஏற்ற இரண்டு வகையில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, அதே மருந்தளவு, அதே குண்டோடு 100 கெஜத்தில் மும்மூன்று சுட்டுப் பாருங்கள். எது நெருக்கமாக அடிக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். பிரைமர்களைக் கம்பெனிப் பெட்டியிலேயே வையுங்கள், கண்ணாடிப் பாட்டிலில் ஒன்றாகக் கொட்டினால் ஒன்று வெடித்தால் எல்லாம் வெடிக்கும். வேறு மாநிலத்துக்கு வேட்டைக்குப் போவதாக இருந்தால் விதியைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஐடஹோவின் மசில்லோடர் சீசனில் 209 பிரைமருக்கே அனுமதி இல்லை.