பேனாவால் இயக்கும் கையடக்கக் கணினிக்கு மேசைக்கணினித் திரையையே சுருக்கிக் கொடுத்தால் போதாதா?

போதாது. 1996-இல் வந்த பாம் பைலட் என்ற கையடக்கக் கணினியைப் பார்த்தாலே காரணம் புரியும். அதன் திரை 160-க்கு 160 புள்ளிகள்தான். எதை வெளியே வைப்பது, எதை மெனுவுக்குள் தள்ளுவது என்று முடிவெடுத்தே ஆக வேண்டும். நாட்காட்டியில் புதிய சந்திப்பைச் சேர்க்கும் பொத்தான் திரையிலேயே இருந்தது. அழிக்கும் கட்டளை மெனுவுக்குள் போனது. சேர்ப்பது தினசரி வேலை, அழிப்பது எப்போதாவது. இந்த ஒரு முடிவிலேயே அந்த வடிவமைப்பின் மொத்த அழகும் இருக்கிறது என்பேன்.

அப்புறம் கை. எழுதும் கை திரையை மறைக்கும். அதனால் பொத்தான்கள் திரையின் அடிப்பகுதியில் இருந்தன. பேனா தொடாதவரை அது எங்கே இருக்கிறது என்று கருவிக்குத் தெரியாது. ஆகவே மவுஸை மேலே கொண்டுபோனால் விளக்கம் காட்டும் உத்தி இங்கே எடுபடாது.

கடினமான பகுதி எழுத்துதான். 1993-இல் வந்த ஆப்பிள் நியூட்டன் என்ற கையடக்கக் கணினி நம் இயல்பான கையெழுத்தைப் படிக்க முயன்றது, நிறையத் தவறாகவும் படித்தது. பாம் வேறு வழியில் போனது. அதன் கிராஃபிட்டி முறையில் அநேகமாக ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே கோடு. ஆங்கில 'A'-க்கு நடுக்கோடு கிடையாது, கவிழ்த்துப் போட்ட 'V' போல இழுத்தால் சரி. எழுதவும் திரைக்குக் கீழே தனி இடம்: இடப்பக்கம் எழுத்து, வலப்பக்கம் எண். பேனாவை எடுத்ததும் எழுத்து முடிந்தது, அடுத்ததை அதன் மேலேயே எழுதலாம். எது எங்கே முடிகிறது என்று கருவி ஊகிக்க வேண்டியதே இல்லை. பயனர் கொஞ்சம் கற்றுக்கொண்டார், கருவி பிழையின்றிப் படிக்கும் வாய்ப்பு வெகுவாகக் கூடியது.