குதிரை சத்து மாவு: டப்பாவில் அரசு எண் இருந்தால் நம்பலாமா?

கேள்வி: ரேக்ளா பந்தயத்துக்காக ஒரு குதிரை வளர்க்கிறேன். கொள்ளு, கோதுமைத் தவிடு, கொஞ்சம் புல் போடுகிறேன். குதிரை வாங்கித் தந்த தரகர், 'வெளிநாட்டுச் சத்து மாவு, அரசு அங்கீகாரம் உள்ளது, எலும்புக்கும் ரத்தத்துக்கும் நல்லது' என்று ஒரு டப்பா தருகிறார். அதில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் எண்ணும் இருக்கிறது. கொடுக்கலாமா? – வாசகர், கரூர்

பதில்: வேண்டாம். அந்த 14 இலக்க எண் மனிதர் உண்ணும் பொருளுக்கான உரிமம். குதிரைக்கு அந்த மாவு பாதுகாப்பானதா என்று யாரும் சோதித்ததாக அதற்கு அர்த்தமில்லை. கால்நடைத் தீவனம் பற்றி அதே ஆணையம் 2019-ல் போட்ட உத்தரவுகூட பால், இறைச்சி தரும் கால்நடைகளுக்குத்தான். குதிரை இரண்டும் தருவதில்லை, அதனால் அதன் தீவனம் அந்த உத்தரவுக்குள்ளும் வராது!

நோயைக் குணமாக்கும் என்று லேபிளில் எழுதினால் அது 1940-ம் ஆண்டு மருந்துச் சட்டத்துக்குள் வந்துவிடும், உரிமம் கேட்பார்கள். அதனால் டப்பாவில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று பொடி எழுத்தில் போட்டுவிட்டு, மற்றதைத் தரகர் வாயால் சொல்ல விட்டுவிடுகிறார்கள்.

எனக்குப் பெரிய பயம், மூட்டையைப் பிரித்து டப்பாவில் அடைக்கும் ஆட்கள்தான். கோழித் தீவனத்தில் ரத்தக் கழிச்சலைத் தடுக்க மொனென்சின் என்ற மருந்தைக் கலப்பதுண்டு. கோழி அதைத் தாங்கும். குதிரைக்கோ உடல் எடையில் கிலோவுக்கு 2, 3 மில்லிகிராம் உள்ளே போனாலே உயிருக்கு ஆபத்து. இதயத் தசை கெட்டுப்போகும், மாற்று மருந்து கிடையாது. ஒரே இடத்தில் கோழித் தீவனத்தையும் குதிரை மாவையும் அள்ளிப் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

செலினியம் என்ற தாதுச்சத்தும் அப்படித்தான், அளவு மீறினால் ஆபத்து. 500 கிலோ குதிரைக்கு நாளுக்குச் சுமார் 1 மில்லிகிராம் போதும். 2009-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 21 போலோ குதிரைகள் செத்தன. மருந்தகம் ஒன்று கலந்து கொடுத்த ஊசி மருந்தில் செலினியம் அளவு மீறியிருந்தது. அளவு எழுதாத மாவை எதை நம்பிக் கொடுப்பது? ரத்தத்துக்கு என்று விற்கும் இரும்புச்சத்தும் பெரும்பாலும் தேவையில்லாத செலவு.

ஒன்றே ஒன்று உங்கள் குதிரைக்குத் தேவைப்படலாம், கால்சியம். தவிட்டில் பாஸ்பரஸ் கால்சியத்தைவிடப் பல மடங்கு அதிகம். தவிடே பிரதானமாகப் போனால் உடல் எலும்பிலிருந்து கால்சியத்தை உருவும். நாளடைவில் தாடை வீங்கும், நொண்டும். நேப்பியர் புல் போடுகிறீர்கள் என்றால் இன்னும் மோசம், அதிலுள்ள ஆக்சலேட் என்ற பொருள் கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும். முதலில் தவிட்டைக் குறையுங்கள், நேப்பியரை மட்டுமே நம்பாதீர்கள். அப்புறமும் தேவைப்பட்டால் தீவனத் தரச் சுண்ணாம்புக்கல் மாவு போதும், விலையும் குறைவு. எவ்வளவு என்பதைத் தவிட்டின் அளவைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். உங்கள் ஊர் கால்நடை மருத்துவரிடமோ, பக்கத்திலுள்ள நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ கேளுங்கள்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? இப்போதே நிறுத்துங்கள். தீனி எடுக்காமல் வியர்த்தாலோ, பின்னங்கால் தள்ளாடினாலோ, சிறுநீர் காப்பி நிறத்தில் போனாலோ குதிரையை நடக்க வைக்காமல் மருத்துவரை வரவழையுங்கள். தரகர் வந்து டப்பாவைத் திருப்பிக் கேட்பார். கொடுக்காதீர்கள், சோதனைக்கு அந்த மாவு வேண்டும்.