தென்னைய வெட்ட ஒருத்தர் 4500 கேக்குறார், இன்னொருத்தர் 11,000 கேக்குறார், யார கூப்பிடுறது?

கேள்வி: மன்னார்குடி பக்கம் எங்க வீடு. 2018 கஜா புயல்ல சாஞ்ச தென்னை ஒண்ணு அப்படியே வீட்டு பக்கம் சாஞ்சே நிக்குது, 45 அடி இருக்கும், கீழ பக்கத்து வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டும் எங்க சர்வீஸ் வயரும் இருக்கு. ஒருத்தர் 4500க்கு முடிச்சு தரேங்கறார், இன்னொருத்தர் 11,000. இவ்ளோ வித்தியாசம் ஏன்ண்ணா?

பதில்: தங்கச்சி, ரேட்ட விடுங்க, எப்படி வெட்டுவீங்கன்னு ரெண்டு பேர்கிட்டயும் கேளுங்க. 4500 காரர் பெரும்பாலும் அடில அறுத்து கயிறு கட்டி எதிர்பக்கம் இழுத்து சாய்க்கற ஆளா தான் இருப்பார். 45 அடி மரம் முழுசா விழணும்னா அதுக்கு மேலயே காலி இடம் வேணும், உங்க கொல்லைல அது இருக்கா? இல்லன்னா பேச்சே வேணாம். சாஞ்ச மரத்த எதிர்பக்கம் இழுக்கறது லேசுப்பட்ட வேலை இல்ல, கொண்டை வெயிட்டு அது சாஞ்ச பக்கமே தள்ளும், கயிறு அறுந்தா நேரா உங்க வீடு தான்.

11,000 காரர் மேல ஏறி குலை, மட்டை, கொண்டைன்னு எறக்கிட்டு அப்புறம் தண்ட துண்டு துண்டா அறுத்து கயித்துல விடுவார்னா அந்த காசு நியாயம். ஒரு அடி கனமுள்ள பச்ச மரத்துல மூணடி துண்டே அறுபது கிலோ கிட்ட வரும், அத கயிறு கட்டாம கீழ போட்டா என்னாகும்னு எனக்கு தெரியும், எங்க மாமா வீட்ல அப்படி போட்டு கக்கூஸ் தொட்டி மூடி உள்ள போயிடுச்சு, வெட்டுன ஆளு மறுநாள்லேருந்து போனே எடுக்கல. அதனால தொட்டி எங்க இருக்குன்னு முதல்ல காட்டிடுங்க.

ஆனா ஏற விடறதுக்கு முன்னாடி தண்ட நல்லா பாருங்க. ஓட்டை, அதுலேர்ந்து பழுப்பா சாறு வடியறது, மென்னு துப்புன மாதிரி நார் தெரிஞ்சா சிவப்பு கூன்வண்டு உள்ள தின்னு வச்சிருக்கு, காத வச்சா கரகரன்னு சத்தம் கூட கேக்கும். அந்த மரத்துல ஆள ஏத்தவே கூடாது, எத்தன வருசம் அனுபவம் இருந்தாலும் சரி. கிரேன் வண்டி தான், செலவு கூடும், வேற வழி இல்ல.

கரண்ட் விஷயத்துல நெறைய பேர் ஏமாறுறது இங்க தான், வீட்டு மெயின ஆஃப் பண்ணிட்டா போதும்னு நெனக்கிறாங்க. போஸ்ட்லேர்ந்து மீட்டர் வரைக்கும் வர்ற வயர்ல அப்பவும் கரண்ட் இருக்கும். ஈபி செக்‌ஷன் ஆபீஸ்ல முன்னாடியே எழுதி குடுத்து அவங்க ஆள் வந்து போஸ்ட்ல எடுத்து விட்டதுக்கு அப்புறம் தான் ஏற சொல்லணும்.

ஷீட்டு உடஞ்சா யார் தர்றது, மரத்த யார் எடுத்துக்கறது, மட்டை குப்பை யார் அள்றதுன்னு வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜா போட்டு ஓகே வாங்கிக்கோங்க. தண்டு வைரம் பாஞ்சிருந்தா கூரை தாங்குற கைமரத்துக்கு ஆகும், அவரே எடுத்துக்கறேன்னா ரேட்ட குறைக்க சொல்லுங்க. அட்வான்ஸ் ஆயிரம் ரெண்டாயிரம் போதும், மீதி கொல்லைய காலி பண்ணுன பிறகு.

அடிக்கட்டை திரும்ப துளிர்க்காது, வேம்பு மாதிரி இல்ல தென்னை. ஆனா அறுத்த துண்டையும் கட்டையையும் மூலைல மக்க விட்டா காண்டாமிருக வண்டு அதுல முட்டை வைக்கும், பக்கத்துல வேற தென்னை இருந்தா அதுக்கும் வந்துரும், அதனால அள்றது யாருன்னு அன்னிக்கே பேசி முடிச்சிடுங்க.